மைக் செட்டுக்கு ஒரு மூளை!

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..."

இந்தக் குரலைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா?

கலியாணமா? மைக் செட் வேண்டும். காதுகுத்தா? மைக் செட் வேண்டும். கோவில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் சரி. பந்தல் போட்டவுடன் அடுத்தபடியாக வந்து இறங்குவது மைக் செட்தான்.

மைக் செட் வருகிறது. சத்தமும் வருகிறது. ஆனால், பேச்சு புரிகிறதா?

அதுதான் கேள்வி!

பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் இதைப் பார்க்கலாம். மேடையில் ஒரு சிறுமி பேச வருகிறாள். பத்து நாள் மனப்பாடம் செய்த பேச்சு. அவளுடைய அம்மா கடைசி வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள். சிறுமி வாயைத் திறந்ததும், "கூ...ய்ங்!" என்று ஒலிபெருக்கி அலறுகிறது. சிறுமி பயந்துபோய் இரண்டு எட்டுப் பின்னால் நகர்கிறாள். மைக் செட்காரர் ஓடிவந்து குமிழைத் திருகுகிறார். அலறல் நின்றுவிடுகிறது. அதோடு சிறுமியின் குரலும் அமுங்கிவிடுகிறது!

பேச்சு முடிகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். அம்மாவும் தட்டுகிறாள். ஆனால், அவள் காதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை.

"பெரிய பெட்டியாகக் கொண்டுவந்திருக்க வேண்டும்" என்பார் ஒருவர். "வாட்ஸ் போதாது" என்பார் இன்னொருவர்.

இரண்டும் சரியான வைத்தியம் அல்ல.

சரியான வைத்தியம், ஒரு புத்தகத்தின் அளவே உள்ள சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் பெயர் "ஆடியோ ப்ராசசர்". தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக "ப்ராசசர்" என்கிறார்கள். "டி.எஸ்.பி." என்றும் சொல்வது உண்டு.

ஒரு காலத்தில் பெரிய பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே கிடைத்த வசதி இது. இன்று சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, கைக்கு அடக்கமாகக் கிடைக்கிறது. ஒரு சிறிய ஊரில் நாலு பெட்டியும் இரண்டு மைக்கும் வைத்துத் தொழில் செய்பவரும் வாங்கலாம்.

அது என்ன செய்கிறது? எப்படிச் செய்கிறது? பார்ப்போம்.

தொண்டையே ஒலிபெருக்கி!

ஒலிபெருக்கி இல்லாத காலம் ஒன்று இருந்தது.

அப்போது தொண்டைதான் ஒலிபெருக்கி! நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடினால், கொட்டகையின் கடைசியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அந்தக் காலத்து நாடகத்துக்கு மைக் கிடையாது. குரல் இல்லாதவருக்கு மேடை இல்லை.

அந்த நிலையை மாற்றியது விஞ்ஞானம்.

1915-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ந் தேதி. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள். நகர மண்டபத்தின் முன்னால் பெருங்கூட்டம் கூடியிருந்தது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் தாங்கள் செய்த ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்து, பாட்டையும் பேச்சையும் கூட்டம் முழுவதற்கும் கேட்கச் செய்தார்கள். உலகம் வியந்தது!

பிறகு 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச் சுருளை வைத்து, அதனோடு காகிதக் கூம்பை இணைத்து ஒலிபெருக்கி செய்யும் முறையை விளக்கினார்கள். இன்று நம் ஊர் மண்டபத்தில் நிற்கும் பெட்டிக்கும் அடிப்படை அதுதான். நூறு வருஷம் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை.

மாறியது எது? பெட்டிக்குப் போகும் ஒலியைப் பக்குவப்படுத்தும் முறை.

ஒலி போகும் பாதை

மைக் செட்டில் ஒலி எந்த வழியாகப் போகிறது?

வாயிலிருந்து மைக்குக்குப் போகிறது. மைக் அதை மின்சாரமாக மாற்றுகிறது. அங்கிருந்து மிக்சருக்குப் போகிறது. பல மைக்குகளின் ஒலியைக் கலந்து அளவு பார்ப்பது மிக்சரின் வேலை. பிறகு ஆம்ப்ளிபையர். அது ஒலியின் வலுவைக் கூட்டுகிறது. கடைசியில் பெட்டி. அது மின்சாரத்தை மறுபடியும் ஒலியாக்கி நம் காதுக்கு அனுப்புகிறது.

இதில் ஒரு குறை உண்டு. ஆம்ப்ளிபையருக்கு நல்லது கெட்டது தெரியாது. எது வந்தாலும் பெருக்கும். பேச்சு வந்தாலும் பெருக்கும், மேடையில் நடக்கும் கால் சத்தம் வந்தாலும் பெருக்கும், மின்விசிறிக் காற்று மைக்கில் மோதினாலும் பெருக்கும்!

ஆகவே, ஆம்ப்ளிபையருக்கு முன்னால் ஒரு மூளை வேண்டும். மிக்சருக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இது போகலாம், இது போகக் கூடாது. நீ முதலில் போ, நீ கொஞ்சம் பொறுத்துப் போ" என்று ஒழுங்கு செய்யவேண்டும். அந்த மூளைதான் ப்ராசசர்.

முன்பு இதற்குப் பல கருவிகள் தேவைப்பட்டன. ஒலியைப் பிரிக்க ஒன்று, திருத்த ஒன்று, தாமதப்படுத்த ஒன்று, கட்டுப்படுத்த ஒன்று. 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் அடுக்கடுக்காக மாட்டி, இரண்டு பேர் தூக்கிவர வேண்டும்.

இன்று எல்லாவற்றையும் ஒரு சிறு "சிப்" செய்துவிடுகிறது. எப்படி?

சாதாரணமாக அது ஒரு விநாடி ஒலியை 48,000 துண்டாக வெட்டுகிறது! ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. பிறகு கூட்டல், பெருக்கல் கணக்குப் போட்டு அந்த எண்களைத் திருத்துகிறது. திருத்திய எண்களை மீண்டும் ஒலி மின்சாரமாக மாற்றி வெளியே விடுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

அதன் வேலைகள் நான்கு. பிரிப்பது, திருத்துவது, காக்க வைப்பது, கடிவாளம் போடுவது.

முதல் வேலை: பிரிப்பது

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று சொல்கிறார்கள். "ஹெர்ட்ஸ்" என்றால் ஒரு விநாடியில் காற்று எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு. குறைவாக அதிர்ந்தால் கனத்த ஒலி. அதிகமாக அதிர்ந்தால் கீச்சென்ற ஒலி.

கனத்த ஒலிக்குப் பெரிய காகிதக் கூம்பு வேண்டும். கீச்சொலிக்குச் சிறிய, மெல்லிய தகடு வேண்டும். யானை செய்யும் வேலையை அணில் செய்ய முடியாது. அணில் செய்யும் வேலையை யானையும் செய்ய முடியாது.

ப்ராசசர் ஒலியைப் பங்கு பிரிக்கிறது. உதாரணமாக, 100 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதைக் கனத்த ஒலிக்கான "பேஸ்" பெட்டிக்கு அனுப்புகிறது. அதற்கு மேலே உள்ளதை மேல் பெட்டிக்கு அனுப்புகிறது. தேவையற்ற பாரம் நீங்குவதால் மேல் பெட்டியில் பேச்சு தெளிவாக வருகிறது. பெட்டியின் ஆயுளும் கூடுகிறது.

இதற்குக் "கிராஸ்ஓவர்" என்று பெயர். 1976-ல் லிங்க்விட்ஸ் என்ற பொறியாளர் வெளியிட்ட ஒரு முறையைத்தான் இன்றும் பெரும்பாலான ப்ராசசர்களில் காணலாம். ரைலி என்பவருடைய பெயரும் சேர்ந்து "லிங்க்விட்ஸ்-ரைலி" என்று அதை அழைக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை! பல பெட்டிகளுக்குள் கூம்புக்கும் தகட்டுக்கும் ஒலியைப் பிரிக்கும் கருவி ஏற்கெனவே இருக்கும். அப்படிப்பட்ட பெட்டியை வெளியிலிருந்து மறுபடியும் பிரிக்கவேண்டாம். பேஸ் பெட்டிக்கும் மேல் பெட்டிக்கும் நடுவில் மட்டும் பிரித்தால் போதும்.

இரண்டாவது வேலை: திருத்துவது

மைக் ஏன் கூவுகிறது?

மைக்கில் விழுந்த ஒலி பெட்டி வழியாக வெளியே வருகிறது. அந்த ஒலி திரும்பவும் மைக்கில் விழுகிறது. மறுபடி பெருகி வெளியே வருகிறது. மறுபடி மைக்கில் விழுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் ஒலி தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. அதுதான் அந்த அலறல்! டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன் லார்சன் பெயரால் இதை "லார்சன் விளைவு" என்கிறார்கள்.

ஆனால், எல்லா ஒலியும் சேர்ந்து கூவுவதில்லை. அந்த மண்டபத்தில், அந்த இடத்தில், ஏதோ ஒரு குறிப்பிட்ட சுருதிதான் முதலில் கூவும்.

மைக் செட்காரர் குமிழைத் திருகி மொத்த ஒலியையும் குறைக்கிறார். ஒரு பிள்ளை செய்த குறும்புக்கு வகுப்பு முழுவதையும் பெஞ்சுமேல் ஏற்றுவதுபோல!

ப்ராசசர் இருந்தால் அப்படிச் செய்யவேண்டியதில்லை. கூவுகிற அந்த ஒரு சுருதியை மட்டும் கண்டுபிடித்து, ஊசி முனைபோல் மெல்லிய இடத்தில் குறைக்கலாம். மற்ற ஒலிகளுக்கு ஒரு கெடுதலும் வராது. குரலின் அளவை முன்னைவிட உயர்த்தலாம். அலறல் வராது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டம் வருவதற்கு முன்பே மைக்கை மேடையில் வைத்து, அளவை மெல்ல மெல்ல உயர்த்தவேண்டும். லேசாக "ம்ம்ம்" என்று முனகத் தொடங்கியதும் நிறுத்தவேண்டும். எந்தச் சுருதி என்று பார்த்து 3 முதல் 6 டெசிபல் வரை குறைக்கவேண்டும். மறுபடி உயர்த்தவேண்டும். இப்படி மூன்று நான்கு சுருதிகளைத் திருத்தினால் போதும். ஆசைப்பட்டு இருபது இடத்தில் வெட்டினால் குரலே உயிரற்றுப் போய்விடும்!

இன்னொரு திருத்தம் மிக எளிது. பேச்சு மைக்கில் 80 ஹெர்ட்சுக்குக் கீழே பயனுள்ள ஒலி கிடையாது. கால் சத்தமும், காற்றின் உறுமலும், மைக்கைத் தட்டும் "டொக்" ஒலியும்தான் அங்கே இருக்கும். அந்தப் பகுதியை அப்படியே வெட்டிவிடலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் பாதி முழக்கம் போய்விடும்.

மூன்றாவது வேலை: காக்க வைப்பது

நீளமான மண்டபம். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று, நடுவில் இன்னும் இரண்டு பெட்டிகளை வைக்கிறார்கள். இப்போது கேட்கிறது. ஆனால், இரண்டு இரண்டாகக் கேட்கிறது! "வணக்கம்" என்றால் "வணக்-வணக்-கம்-கம்" என்று விழுகிறது.

என்ன காரணம்?

ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. வெயில் காலத்தில் சற்றுக் கூடும். மின்சாரமோ கம்பியில் நொடியும் தாமதிக்காமல் போகிறது.

முன் பெட்டிக்கும் பின் பெட்டிக்கும் நடுவில் 17 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 17-ஐ 340-ஆல் வகுத்தால் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. அதாவது 50 மில்லி விநாடி. முன் பெட்டியின் ஒலி பின்வரிசைக்கு 50 மில்லி விநாடி தாமதமாக வந்து சேர்கிறது. பக்கத்தில் இருக்கும் பின் பெட்டியோ உடனே பேசிவிடுகிறது. காது குழம்புகிறது.

ப்ராசசர் என்ன செய்கிறது? பின் பெட்டியைப் பார்த்து, "கொஞ்சம் பொறு! அண்ணன் வந்து சேரட்டும்" என்கிறது. 50 மில்லி விநாடி காக்க வைக்கிறது. இரண்டு ஒலியும் ஒன்றாகக் காதில் விழுகின்றன.

இதிலே இன்னொரு வேடிக்கை உண்டு. 1949-ல் ஜெர்மனி நாட்டு ஹெல்முட் ஹாஸ் என்பவர் ஓர் உண்மையை ஆராய்ந்து எழுதினார். ஒரே ஒலி இரண்டு பக்கத்திலிருந்து வந்தால், எது முதலில் வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒலி வருவதாக மனித மூளை எண்ணிக்கொள்கிறது. சில மில்லி விநாடி கழித்து வரும் ஒலி, அதற்கு வலுவூட்டுமே தவிர, தனியாகத் தெரியாது.

ஆகவே, பின் பெட்டியை 50 மில்லி விநாடிக்குப் பதிலாக 60 அல்லது 65 மில்லி விநாடி காக்க வைத்தால், பின்வரிசையில் இருப்பவருக்கு மேடையில் இருப்பவரே தன் எதிரில் நின்று பேசுவதுபோல் இருக்கும். பக்கத்துப் பெட்டி பேசுவதே தெரியாது!

ஒரு டேப்பும் ஒரு வகுத்தல் கணக்கும் போதும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி விநாடி என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது வேலை: கடிவாளம்

கலியாண வரவேற்பு. பாட்டுக் கச்சேரி. நேரம் ஆக ஆக, "இன்னும் கூட்டுங்கள், இன்னும் கூட்டுங்கள்" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மைக் செட்காரர் கூட்டுகிறார். திடீரென்று "டப்" என்று ஒரு ஒலி. பெட்டி ஊமையாகிவிடுகிறது.

காயில் எரிந்துவிட்டது!

பெட்டிக்குப் போகும் மின்சாரத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் ஒலியாக மாறுகிறது. மற்றதெல்லாம் சூடு. அளவுக்கு மீறி மின்சாரம் போனால், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் கருகிவிடும். அன்றைய வாடகையைவிடப் புதிய காயிலுக்கு அதிகச் செலவு ஆகலாம். கடன் வாங்கிப் பெட்டி வாங்கிய குடும்பத்துக்கு அது பெரிய இடி. கலியாண வீட்டாருக்கோ, பாதியில் நின்ற விழா நின்றதுதான். முகூர்த்தம் இரண்டாம் தடவை வராது.

ப்ராசசரில் "லிமிட்டர்" என்ற கடிவாளம் இருக்கிறது. ஓர் எல்லை வைத்துவிட்டால், யார் எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் போகாது.

எல்லையை எப்படிக் கணக்கிடுவது? பெட்டி 8 ஓம், 200 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 8-ஆல் பெருக்கினால் 1,600. அதன் வர்க்கமூலம் 40. ஆம்ப்ளிபையரிலிருந்து பெட்டிக்குத் தொடர்ந்து 40 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு! ஆனால், இதை அளந்து வைப்பது மின்வேலை தெரிந்தவருடைய பொறுப்பு. மற்றவர்கள் ஆம்ப்ளிபையர் முனையில் கை வைக்கக்கூடாது.

எல்லை வைத்தபின் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதி பல ப்ராசசர்களில் உண்டு. பூட்டிவிட்டால் மாப்பிள்ளைத் தோழர்கள் வந்து கெஞ்சினாலும் பெட்டி தப்பித்துக்கொள்ளும்!

நாலு வாசல் போதும்

"இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டுமே?" என்று கேட்கலாம். வேண்டாம்.

300 பேர் உட்காரும் மண்டபம். இரண்டு ஒலி உள்ளே போகவும், நாலு ஒலி வெளியே வரவும் வாசல் உள்ள சின்ன ப்ராசசரே போதும்.

முதல் வாசல், மேடையின் இரண்டு பக்கமும் உள்ள மேல் பெட்டிகளுக்கு.

இரண்டாவது வாசல், பேஸ் பெட்டிக்கு.

மூன்றாவது வாசல், காக்க வைக்கப்பட்ட பின் பெட்டிகளுக்கு.

நான்காவது வாசல், மேடையில் பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்காக அவருக்கு எதிரில் வைக்கும் பெட்டிக்கு.

பேச்சுக்கும் சடங்குக்கும் இடம் வலம் என்று ஒலியை இரண்டாகப் பிரிக்கத் தேவையில்லை. எல்லாப் பெட்டியும் ஒரே ஒலியைப் பேசினால், எங்கே உட்கார்ந்திருந்தாலும் எல்லோருக்கும் எல்லாம் கேட்கும்.

ஒரு மண்டபத்தில் ஒரு முறை சரிசெய்துவிட்டால், அந்த அமைப்பை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கலாம். அடுத்த முறை அதே மண்டபத்துக்குப் போகும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் அடிப்படை தயார். பெட்டிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ் மாயை

"அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பெட்டி வாங்கலாமே?" என்பது பலருடைய எண்ணம்.

கணக்குப் பாருங்கள். 1,000 வாட்சை 2,000 வாட்ஸ் ஆக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று மட்டும் தோன்றும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவேண்டுமானால் ஏறக்குறைய 10,000 வாட்ஸ் வேண்டும்! பத்து மடங்குச் செலவு!

அவ்வளவு செலவு செய்தாலும் கூவுகிற மைக் கூவத்தான் செய்யும். புரியாத பேச்சு இன்னும் பலமாகப் புரியாமல் போகும்!

இது மந்திரப் பெட்டி அல்ல

ப்ராசசர் எல்லாவற்றையும் செய்துவிடுமா? செய்யாது.

வாயிலிருந்து மைக் நாலு விரல் தூரத்தில் இருக்கவேண்டும். எட்டு விரல் தூரம் ஆனால், மைக்கில் விழும் ஒலியின் வலு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இதை எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது. குழந்தைகள் பேசும்போது மைக் ஸ்டாண்டை அவர்கள் உயரத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

பெட்டிகள் மைக்குக்கு முன்னால், மக்களைப் பார்த்து இருக்கவேண்டும். மைக்குக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டு, "கூவுகிறதே" என்று சொல்லிப் பயன் இல்லை.

வழவழப்பான தரையும் வெறும் சுவரும் உள்ள மண்டபத்தில் எதிரொலி அதிகம். அதைக் கருவி போக்காது. கனத்த திரைச்சீலை தொங்கவிட்டால் குறையும். மக்கள் நிறைய வந்து உட்கார்ந்தாலே குறையும். பெட்டியைத் தலைக்கு மேல் உயர்த்தி, சுவரைப் பார்க்காமல் மக்களைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது.

"கிர்ர்" என்ற மின் இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கம்பியும் எர்த்தும்தான். அதற்காக எர்த் கம்பியைப் பிடுங்கிவிடுவது மகா ஆபத்து. ஒருபோதும் செய்யக்கூடாது! மைக்கைப் பிடித்திருப்பவரின் உயிரோடு விளையாடும் காரியம் அது.

வாங்குமுன் கவனியுங்கள்

மைக் செட் தொழில் செய்பவர்கள் ப்ராசசர் வாங்கும்போது சில விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

உங்கள் பெட்டிகள் தானே ஆம்ப்ளிபையர் கொண்டவையா? அப்படியானால் அவற்றில் பலவற்றுக்கு உள்ளேயே ப்ராசசர் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். இருக்கும் பொருளையே இரண்டாம் முறை வாங்கவேண்டாம்.

எத்தனை வாசல் வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முகப்பில் பொத்தானும் சிறு திரையும் உண்டா, கம்ப்யூட்டரை இணைத்தால்தான் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். விழா நடுவில் கம்ப்யூட்டர் தேடி ஓட முடியாது.

கரண்ட் போய் வந்தால் அமைப்பு மறந்துபோகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். அமைப்பு மாறி, கனத்த ஒலி போய்க் கீச்சொலித் தகட்டில் விழுந்தால் தகடு ஒரு நிமிஷத்தில் போய்விடும். ஒவ்வொரு முறையும் முதலில் மெல்லிய ஒலியில் சோதித்துவிட்டுப் பிறகு கூட்டுவதே நல்ல பழக்கம்.

பழுது வந்தால் பக்கத்து நகரத்தில் பார்க்க ஆள் உண்டா என்று விசாரியுங்கள். விலை குறைந்தது என்று வாங்கிவிட்டுப் பழுது பார்க்க ஆள் இல்லாமல் பரணில் போடுவதால் யாருக்கு லாபம்?

காதும் சட்டமும்

ஒலியை ஒழுங்கு செய்வது வசதிக்காக மட்டும் அல்ல. காதைக் காப்பாற்றவும்தான்.

அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் ஒரு கணக்குச் சொல்கிறது. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான்!

பெட்டிக்கு அருகில் கைக்குழந்தையோடு உட்காரும் தாய்மார்கள் இதைக் கவனிக்கவேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போவதே நல்லது. திறந்தவெளியில், தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும்.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைக்க அதிகாரிகளிடம் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் வைக்கக்கூடாது. பண்டிகை, கலை விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை உள்ள இடத்தை அமைதிப் பகுதியாக மாநில அரசு அறிவிக்கலாம். இந்த விதிகளைக் கண்டிப்பாக நிறைவேற்றவேண்டும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் வலியுறுத்தியது.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், நோயில் படுத்திருக்கும் முதியவரும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். கனத்த ஒலி சுவரையும் தாண்டிப் போகும். பேஸ் பெட்டியைக் குறைத்து, கடிவாளத்தை இறுக்கி வைத்தால் விழாவும் நடக்கும், அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

மைக் செட் பேசும்போது பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் "எத்தனை பெட்டி? எவ்வளவு வாட்ஸ்?" என்று மட்டுமே கேட்கிறார்கள். இனிமேல் இவற்றையும் கேளுங்கள்:

"கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து சோதித்துப் பார்ப்பீர்களா?"

"கடைசி வரிசைக்குத் தனிப் பெட்டி உண்டா? அதைக் காக்க வைக்கும் ப்ராசசர் உண்டா?"

"பேச்சுக்கு ஓர் அமைப்பு, பாட்டுக்கு ஓர் அமைப்பு என்று மாற்ற முடியுமா?"

"எர்த் சரியாக இருக்கிறதா?"

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். அவர் சற்று அதிகமாகக் கேட்டாலும் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். ஒலியைத் திருத்துவதற்கு அவர் செலவிடும் அந்த ஒரு மணி நேரம் யார் கண்ணுக்கும் தெரியாத உழைப்பு. விழாவின் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது.

மைக் செட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியை அடுக்குவதற்கு முன் கடைசி வரிசைக்குப் போங்கள். அங்கே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். அங்கே சொல் தெளிவாக விழுந்தால், மண்டபம் முழுவதும் விழும்!